சின்ன செஸ்னாவா, பெரிய ட்வின் ஆட்டரா: எதிலிருந்து குதிப்பது?

ஸ்கை டைவிங் கற்க வருகிறவர்கள் பாராசூட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். ஏறிப்போகும் விமானத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1980 முதல் குதிப்பு விமான விபத்துகள் 32இல் 172 பேர் இறந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008இல் கணக்குச் சொன்னது. பெரும்பாலோர் குதிக்கப் போனவர்கள்.

எனக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன: நான்கு பேரை ஏற்றும் செஸ்னா 182, இருபது பேருக்கு மேல் ஏற்றும் ட்வின் ஆட்டர். செஸ்னாவைத் தேர்ந்தெடுத்தேன்.

வசதி என்று பார்த்தால் ட்வின் ஆட்டர்தான். சீக்கிரம் ஏறும், அதிக உயரம் போகும். செஸ்னாவில் விமானியின் இருக்கையைத் தவிர மற்றவற்றைக் கழற்றியிருப்பார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்கத் தரையில் உட்கார வேண்டும்.

இரண்டு இன்ஜின் இருக்கிறதே என்பார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. 2015 ஜனவரியில் நியூசிலாந்தின் டௌபோ ஏரிப் பக்கம் ஒற்றை இன்ஜின் விமானம் பழுதானபோது விமானி உட்பட 13 பேரும் குதித்துப் பிழைத்தார்கள். 2006இல் மிசூரியின் சல்லிவனில், எழும்பியவுடன் ட்வின் ஆட்டரின் ஓர் இன்ஜின் செயலிழந்தது. இன்னொன்று இருந்தும் ஆறு பேர் இறந்தார்கள்.

என் முடிவுக்குக் காரணம் எடைமையம், அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி. குதிக்கும் நேரத்தில் விமானம் வேகத்தைக் குறைத்துப் பறக்கும். ட்வின் ஆட்டர் போன்றவற்றில் சரியாக அப்போதுதான் எல்லோரும் எழுந்து பின்கதவை நெருக்குவார்கள். எடை வால் பக்கம் நகர, மூக்கு மேலே தூக்கும், வேகம் இன்னும் விழும். விமானி கட்டுப்பாட்டை முன்னே தள்ளினாலும் மூக்கு எளிதில் இறங்காது. இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழலத் தொடங்கினால் உள்ளே இருப்பவர்களைச் சுவரோடு அழுத்திவிடும். கதவு பக்கத்திலேயே இருந்தாலும் எட்டிப் பிடிப்பது அரிது.

2016இல் கலிபோர்னியாவின் பைரனில் கிங் ஏர் என்ற இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று இப்படித்தான் சுழன்று, வாலில் ஒரு பகுதியையே இழந்தது. அன்று எல்லோரும் தப்பினார்கள். அதே விமானம் 2019 ஜூனில் ஹவாயில் எழும்பியவுடன் விழுந்து 11 பேர் மாண்டனர். விமானி மூர்க்கமாகத் திருப்பியதே முதற்காரணம். எடைமையம் பின் எல்லையை ஒட்டியிருந்ததும் துணைக்காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதம் ஸ்வீடனின் ஊமியோவில் ஒரு குதிப்பு விமானம் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அங்கும் வேகம் குறைந்திருந்தது, வால் கனத்திருந்தது. அது பெரிய விமானம்கூட இல்லை. ஆனால் கதவு பின்னால்.

செஸ்னா 182இன் கதவு விமானிக்குப் பக்கத்தில், இறக்கைக்குக் கீழே. சக்கரத்துக்கு மேலுள்ள படியில் கால்வைத்து, இறக்கையின் தாங்குகம்பியைப் பிடித்து நின்று குதிக்கிறோம். குதிக்க நகர்கிற எடை முன்பக்கமாகவே நகர்கிறது. இந்த ஒன்றுக்காகவே முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சின்ன விமானம் விழாது என்று சொல்ல வரவில்லை. 2014இல் ஆஸ்திரேலியாவின் கபூல்ச்சரில் செஸ்னா 206 ஒன்று எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து, இருந்த ஐவரும் இறந்தார்கள். அந்த உயரத்தில் பாராசூட்டால் பயனில்லை. ஆகவே பெல்ட்டைப் போடாமல் விமானத்தை நகர விடமாட்டேன்.

ட்வின் ஆட்டரில் என் அனுபவம் சொற்பம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் கதவருகே வரலாம் என்று கறாராக நடத்துகிற இடங்களும் உண்டு. அங்கே என் பயம் மிகையாக இருக்கலாம். எட்டுப் பேர் கைகோத்துக் குதிப்பதென்றால் பெரிய விமானத்தை விட்டால் வேறு வழியும் இல்லை. அப்போது கதவருகே ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம் என்று விமானியிடமே கேட்பேன். பதில் உடனே வராவிட்டால் ஏறமாட்டேன்.