திருவனந்தபுரத் தரவு மையத்தில் எங்கள் சர்வர்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மார்த்தாண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, களியக்காவிளைக்கு இப்பால் குழித்துறை, கருங்கல் வரையிலும் அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் மாதிரி சேகரிப்பு நிலையங்கள் நடத்தும் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மாடியில் இருந்த எங்கள் சர்வர் அறைக்கு டீசல் தேடி அலைவதே அப்போது முழுநேர வேலையாகிவிட்டது. அதன் பிறகுதான், 2018இல், திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு தனியார் தரவு மையத்தில் ரேக் (சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரி) வாடகைக்கு எடுத்துச் சர்வர்களை மாற்றினோம். அன்று முதல் அங்கேயே இருக்கிறோம், திருப்தியாகவும் இருக்கிறோம். ஆனால் அந்தத் திருப்தி, ஒப்பந்தத்தோடு கொடுத்த சான்றிதழைப் பார்த்து வந்ததன்று.

அந்த மையம் தன்னை 'டயர் 3' என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. அமெரிக்காவின் அப்டைம் இன்ஸ்டிட்யூட் வகுத்த இந்தத் தரவரிசையில் மூன்றாம் நிலை என்றால், மின்சாரமோ குளிரூட்டலோ எந்தப் பகுதியைப் பழுதுபார்க்கக் கழற்றினாலும் சர்வர்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்று பொருள். வரைபடத்துக்குத் தரும் சான்று வேறு, கட்டி முடித்த கட்டடத்தைச் சோதித்துத் தரும் சான்று வேறு, அன்றாட நிர்வாகத்துக்குத் தரும் சான்று வேறு. ஆகவே 'டயர் 3' என்று யாராவது சொன்னால், எதற்கு வாங்கிய சான்று என்று முதலில் கேட்க வேண்டும். எங்களுக்குக் காட்டப்பட்டது வரைபடத்துக்கான சான்று மட்டுமே என்பதால், மீதியை நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் அதிகம் கவனித்தது மின்சாரத்தைத்தான். மின்தடை ஏற்பட்டால் யுபிஎஸ் பேட்டரிகள் உடனே சுமையை ஏற்கும். ஜெனரேட்டர் கிளம்பி நிலைப்படச் சில விநாடிகள் பிடிக்கும். பிறகு அது பொறுப்பேற்கும். ஜெனரேட்டரை வெறுமனே ஓடவிட்டு அணைப்பது சோதனை ஆகாது. உண்மையான சுமையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் என்ற முறையில் அதை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன், மறுக்காமல் கொடுத்தார்கள். பிரதான மின்சாரத்தைத் துண்டித்ததும் அறையின் இரைச்சல் சற்றே மாறியது, ஆனால் எங்கள் ரேக்கில் ஒரு விளக்குகூட அணையவில்லை. பேட்டரி அறைப் பதிவேட்டில் ஒவ்வொரு பேட்டரியின் உள்மின்தடையும் (பேட்டரி தேயத் தேயக் கூடும் அளவு) தேதி வாரியாகக் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அடைப்பு வகை ஈய அமிலப் பேட்டரி 25 டிகிரியைத் தாண்டிப் பத்து டிகிரி கூடுதல் வெப்பத்தில் இருந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நம் ஊர் வெயிலில் பேட்டரி அறைக்குத் தனிக் குளிரூட்டி இல்லாத மையத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கலாம்.

வாடிக்கையாளர்கள் தாங்களே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ரேக்குக்கு இரண்டு மின்வழிகள் கொடுத்து, இரண்டிலும் சர்வரின் பவர் சப்ளையை இணைப்பார்கள். ஒரு வழி போனால் முழுச் சுமையும் மற்றதன் மேல் விழும் என்பதால், ஒவ்வொரு வழியையும் அதன் திறனில் பாதிக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். இதை அந்த மையம் மாதந்தோறும் அளந்து அனுப்புகிறது. அளவு கூடினால் முன்கூட்டியே எச்சரிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இங்கே விழும் இடியைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடியின் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் நில இணைப்பு (எர்த்) வெட்டுக்கல் மண்ணில் எளிதில் நல்ல அளவு காட்டாது. மழைக்காலத்தில் அளந்தால் ஈரத்தால் நன்றாகத் தெரியும். ஆகவே மாசி, பங்குனியில் எடுத்த அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த மையம் அதைப் பதிவு செய்து வைத்திருந்தது எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது.

எங்களுக்கு நேர்ந்த பெரிய தடங்கல் மையத்துக்குள்ளே நேரவில்லை. மார்த்தாண்டத்துக்கும் மையத்துக்கும் இடையே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகளுக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தோம். சாலை விரிவாக்கப் பணியில் ஒரு ஜேசிபி மண்ணை வாரியபோது இரண்டுமே ஒரே நேரத்தில் அறுந்தன. நிறுவனங்கள் இரண்டாக இருந்தாலும் கேபிள்கள் ஒரே பள்ளத்தில்தான் போயிருந்தன. அன்று மாலை வரை சோதனை முடிவுகளைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர்களின் பொட்டாசியம் அளவுகளும் அவற்றில் அடக்கம். இப்போது ஓர் இணைப்பு நேர்வழியிலும் மற்றது நாகர்கோவில், திருநெல்வேலி என்று சுற்றியும் வருகிறது. இரண்டாவது இணைப்பு வாங்குபவர்கள் பாதை வரைபடத்தை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்; வாய்வார்த்தை போதாது.

பாதுகாப்பில் கைரேகை, அட்டை, கேமரா எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒருமுறை நுழைவுப் பதிவை வாங்கிப் பார்த்தபோது, துப்புரவு ஒப்பந்தப் பணியாளர்கள் அத்தனை பேரும் ஒரே அட்டையில் உள்ளே போய் வந்தது தெரிந்தது. கேமராவின் கடிகாரமும் கதவுப் பதிவின் கடிகாரமும் சில நிமிடங்கள் விலகி இருந்ததால், அந்த நேரத்தில் நுழைந்தவர் யாரென்று ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியவில்லை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. குறையை எழுதிக் கொடுத்ததும் மையம் ஆளுக்கொரு அட்டை வழங்கியது. கேமராக்களின் நேரத்தையும் சரிசெய்தது.

இரவுப் பணியில் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்வரில் பழுதான வட்டு (ஹார்ட் டிஸ்க்) ஒன்றை மாற்ற ஒரு நள்ளிரவில் அழைத்தபோது, பாறசாலையைச் சேர்ந்த அந்த இளைஞர், "சாரே, லேபிள் இல்லாத வயரை நான் தொட மாட்டேன். படம் எடுத்து அனுப்புறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். படத்தைப் பார்த்து, நான் சொன்ன எண்ணைத் திரும்பச் சொல்லச் செய்து, அதன் பிறகே கையை வைத்தார். இந்த ஒழுங்கு பயிற்சியால் மட்டுமே வருகிறது. அதற்காகவே அந்த மையத்துக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுப்பேன்.

இவ்வளவு இருந்தும் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பதை நான் ஏற்கவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் பற்றிய தீ, வேறெங்கும் நகல் இல்லாத 858 டெராபைட் அரசு ஆவணங்களை அழித்தது. எங்கள் நகல் ஒவ்வோர் இரவும் கோயம்புத்தூருக்குப் போகிறது. காலாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய நோயாளியின் அறிக்கையை மீட்டெடுத்துச் சரிபார்க்கிறோம்.

ஒப்பந்தத்தில் உள்ள, 99.9 விழுக்காடு நேரம் சேவை தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதிமொழி, ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரத் தடங்கலை அனுமதிக்கிறது. அதை மீறினாலும் கிடைப்பது மாதக் கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடிதான். எங்கள் இழப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். மையம் ஈய அமிலப் பேட்டரிகளை விட்டு லித்தியத்துக்கு மாறத் திட்டமிடுவதால், பேட்டரி அறைக்கும் சர்வர் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவர் எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்பதையும், மாற்றும் பணி நடக்கும் நாளில் எங்கள் இரு மின்வழிகளும் எந்தப் பேட்டரித் தொகுதியிலிருந்து வரும் என்பதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகே கையெழுத்திடுவதாக உள்ளோம்.