அஞ்சு வெள்ளி பேட்டரியும் நாலு வாரக் கோழியும்: கண்ட்ரோலர் அனுபவம்

பினாங்கு சுங்கை பாக்காப் பக்கம் மச்சான் ஒருத்தரு புதுசா குளோஸ் ஹவுஸ், அதான் ஃபேன் வச்சு மூடின கோழிக் கொட்டகை, போடுறாரு, நீங்க வச்சிருக்கிற டெம்பரேச்சர் கண்ட்ரோலர் இப்ப விலை எறங்கிருக்கே, எடுக்கலாமான்னு கேட்டாரு. நம்மளது நேத்துதான் ரிப்பேர்ல இருந்து வந்துச்சு, கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். சூடு பாக்குற ப்ரோப் எத்தனை, ஃபேன் எத்தனை ஸ்டேஜா ஓடும்னுலாம் பெட்டியிலயே போட்டிருக்கும், அத விடுங்க.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். குஞ்சு எறங்குற அன்னிக்கு 33 டிகிரில ஆரம்பிச்சு, வயசுக்கு ஏத்த மாதிரி அதுவா கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிட்டு வரும். எங்கப்பா காலத்துல குஞ்சோட கால கன்னத்துல வச்சுப் பாப்பாரு, சில்லுன்னு இருந்தா கேஸ் ஹீட்டர ஏத்துவாரு. நான் இன்னமும் அப்படி வச்சுப் பாக்குறேன், கன்னம் சொல்றதும் கண்ட்ரோலர் சொல்றதும் ஒத்துத்தான் போகுது.

ஈரப்பதமும் பாக்கும், நம்ம ஊருக்கு அது இல்லாத பெட்டி தண்டம். மத்தியானம் காத்து கொஞ்சம் காய்ஞ்சிருக்கும், அப்ப கூலிங் பேட்ல, அதான் காத்து உள்ள வர்ற வழியில இருக்கிற அட்டையில, தண்ணி ஓடினா வெக்கை நல்லாவே எறங்கும். ராத்திரி ஈரம் 90 சதவீதத்துக்கு மேல போயிடுது, அப்பவும் பம்பு ஓடினா குளிரவும் செய்யாது, கோழிக்குத்தான் கஷ்டம். அதுக்கு வேர்க்காது லா, வாயத் திறந்து இரைச்சுத்தான் சூட்ட வெளிய தள்ளணும், ஈரக் காத்துல அதுவும் எடுபடாது. 80 தாண்டினா பம்ப நிறுத்துன்னு போட்டு வச்சிருக்கேன், கரெக்டா நிறுத்துது. ஃபேனையும் தேவைக்குத்தான் ஒவ்வொண்ணா எடுக்குது. 2023 நவம்பர்ல அரசாங்கம் கோழிக்கு உச்சவரம்பு விலையையும் மானியத்தையும் ஒண்ணா எடுத்ததுல இருந்து விலை நம்ம கையில இல்ல, கரண்டு பில்லாவது இருக்கட்டுமே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சாயங்காலம் இடி மழையில கரண்டு போகும், ஜென்செட் (ஜெனரேட்டர்) எடுக்க சில வினாடி ஆகும், அந்த கேப்புல இந்தப் பெட்டி ஒரு தடவ செத்துப் பொழைக்கும். உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி வீக்குன்னா தேதி மறந்துடும், தேதி மறந்தா கோழி வயசும் மறந்துடும், திரும்ப முதல் நாள், 33 டிகிரி! உள்ள நிக்கிறது நாலு வாரக் கோழி. செகண்டுக்கு ரெண்டரை மீட்டர் வேகத்துல காத்து அடிச்சாத்தான் 30 டிகிரி அதுக்கு அஞ்சாறு டிகிரி கம்மியா தெரியும், அந்தக் காத்துதான் அதுக்கு உசுரு. ஹீட்டரோட கேஸ் வால்வ ரெண்டாவது வாரத்துலயே மூடிடுவோம், அதனால நெருப்பு எரியல. ஆனா உள்ள இருக்கிறது குஞ்சுன்னு நெனச்சு பெரிய ஃபேனெல்லாம் நின்னு ஒரே ஒரு ஃபேன் குஞ்சுக்கு விடுற மாதிரி விட்டு விட்டு ஓடிட்டிருக்கு.

அலாரம் அடிக்கலையான்னு கேப்பீங்க. எப்படி அடிக்கும், செட் பண்ணின டிகிரிக்கு மேல இவ்ளோ ஏறினா அடின்னுதான் அதோட கணக்கு, செட்டே 33ன்னா 36 வரைக்கும் அதப் பொறுத்தவரை எல்லாம் சுகம். ஃபேன் சத்தம் கொறைஞ்சிருக்குன்னு பொண்டாட்டிதான் எழுப்பிவிட்டா. போய்ப் பாத்தா எல்லாம் இறக்கைய விரிச்சு வாயப் பொளந்து நிக்குது, ஸ்க்ரீன்ல பச்சையா "நாள் 1". கொஞ்சம் கோழி செத்துப் போச்சு.

அஞ்சு வெள்ளி கூட பெறாத பேட்டரி. அதையும் போர்டோட சேத்து சால்டர் பண்ணி வச்சிருக்கான், மாத்தணும்னா போர்டையே கழட்டி அனுப்பணும், அது வர்ற வரைக்கும் ராத்திரியெல்லாம் நாங்களே முழிச்சிருந்து ஃபேனப் போட்டு அணைச்சோம். என் பையனோட கேம் மெஷின் கூட எந்த லெவல்ல விட்டான்னு ஞாபகம் வச்சிருக்கு. ஏஜென்ட்ட கேட்டா "யூபிஎஸ் ஒண்ணு போட்டுக்குங்கண்ணே"ங்கிறான். போட்டாச்சு. அதோட, திருகி வைக்கிற சாதா தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்கி ரெண்டு பெரிய ஃபேனுக்குத் தனி வயர் இழுத்து 32ல வச்சிட்டேன், பெட்டிக்கு என்ன பைத்தியம் புடிச்சாலும் அந்த ரெண்டும் ஓடும். குஞ்சு சின்னதா இருக்கிற முதல் ரெண்டு வாரம் மட்டும் அத 36க்கு ஏத்திடணும், மறந்துடாதீங்க.

அதனால மச்சான், வாங்காதீங்க. நான் ரெண்டாவது கொட்டகைக்கும் இதையேதான் ஆர்டர் போட்டிருக்கேன், ஈரப்பதம் பாக்குறது இந்த விலைக்கு வேற கெடைக்கல, அது வேற கதை. இல்ல, வாங்கித்தான் தீருவேன்னா மூடியத் திறந்து காட்டச் சொல்லுங்க, பேட்டரி சால்டர்ல இருந்துச்சுன்னா ரிப்பேர் காச இப்பவே விலையில கழிச்சிக்கச் சொல்லுங்க.