ஸ்லாப்பா, சாதாரணப் பிரதியா, பழைய கேட்டலாக்கா?

அமெரிக்கப் பழைய காமிக்ஸ் சேர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிக்குள்தான் அடித்துக்கொள்கிறார்கள். ஒன்று, சி.ஜி.சி மாதிரி நிறுவனம் மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரும் பிரதி, அதாவது ஸ்லாப். இன்னொன்று, பெட்டி கிட்டி எதுவும் இல்லாமல் கையில் எடுத்துப் புரட்டக்கூடிய சாதாரணப் பிரதி. மூன்றாவதாக ஒன்று இருப்பதை நானே ரொம்ப நாள் கவனிக்கவில்லை: 1960, 70களில் இதே காமிக்ஸைத் தபாலில் விற்ற வியாபாரிகளின் கேட்டலாக். மூன்றிலும் காசு விட்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

ஸ்லாப்பை முதலில் முடித்துவிடலாம். 2000இல் சி.ஜி.சி வருவதற்கு முன் 'நியர் மின்ட்' (கிட்டத்தட்ட புதுசு) என்றால் அது விற்பவர் வாய்ச்சொல், அவ்வளவுதான். இப்போது 10க்கு 9.6, 8.5 என்று மூன்றாம் ஆள் ஒருவர் எண் போடுகிறார், கிழிசலை ஒட்டியோ வண்ணம் பூசியோ சரிசெய்த பிரதி என்றால் ஊதா லேபிள் காட்டிக்கொடுத்துவிடும், அந்த நம்பிக்கையில்தான் பெரிய பணம் உள்ளே வந்தது. ஸ்பைடர்-மேன் முதலில் வந்த அமேஸிங் ஃபேண்டஸி 15ஆம் இதழ், 1962இல் 12 சென்ட், அதன் 9.6 பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் 1, 8.5 மதிப்பெண் பிரதி, 2024இல் 60 லட்சம். நம் பர்ஸுக்குச் சம்பந்தமில்லாத கணக்கு, சரி. ஆனால் சின்ன விலைப் புத்தகத்துக்கும் அதே மோகம் தொற்றிக்கொண்டுவிட்டது, மதிப்பெண் போட வாங்கும் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்தால் புத்தகத்தின் விலையையே தாண்டிவிடும் இதழ்களைக்கூட ஆட்கள் பெட்டிக்குள் போடுகிறார்கள். அப்புறம், அதைப் படிக்க முடியாது. பெட்டியை உடைத்தால் அந்த எண்ணுக்கு மரியாதை போச்சு. பெட்டிக்குள் இருப்பதை மாற்றி வைத்த மோசடியும் வெளியே வந்திருக்கிறது. முதலீடு என்று வாங்குகிறவருக்கு ஸ்லாப்தான் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை.

சாதாரணப் பிரதியில் சுகம் அதிகம், வாங்கும்போது வேலையும் அதிகம். மலிவான மரக்கூழ்க் காகிதம் என்பதால் ஓரம் பழுப்பேறி உதிரும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், நடுத்தாள் கழன்று காணாமல் போயிருக்கும், சொரசொரத்த ஓரத்தை யாராவது பிளேடால் நேராக்கியிருப்பார்கள். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் 1974 மார்வெல் இதழ் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். அட்டை பளபள, பின் சுத்தம், பக்கங்களையும் எண்ணிப் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பினால் கத்தரித்த ஓட்டை. அந்த வருடம் மார்வெல், கடிதப் பக்கத்தில் ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். வோல்வரீன் முழுமையாக வந்த முதல் இதழான ஹல்க் 181க்கும் இதே கதிதான், ஸ்டாம்ப் இல்லாத பிரதி என்றால் விலையில் பலத்த அடி.

அந்தக் கத்தரிக்கோல் வெட்டிய இன்னொரு இடம் விளம்பரப் பக்கம், கேட்டலாக் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஹோவர்ட் ரோகோஃப்ஸ்கி, ராபர்ட் பெல், நியூ ஜெர்சியின் பாஸேக் புக் சென்டர் என்று தபால் வியாபாரிகள் காமிக்ஸின் உள்ளேயே பொடி எழுத்தில் விளம்பரம் கொடுத்தார்கள்: கொஞ்சம் சில்லறை அனுப்புங்கள், பழைய இதழ்களின் பட்டியல் வரும். 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் தன் விலைக் கையேட்டின் முதல் பதிப்பை 5 டாலருக்கு வெளியிடும்வரை, நாடு முழுக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட விலை என்று ஒன்று கிடையாது. வியாபாரி பட்டியலில் அடித்ததுதான் விலை. அந்தக் கையேடு ஆக்‌ஷன் 1க்குப் போட்டது 300 டாலர், மேலே சொன்ன 60 லட்சத்தோடு வைத்துப் பாருங்கள்.

கேட்டலாக் கைக்கு வந்தால் முதலில் ஏமாற்றம்தான். படம் கிடையாது, தட்டச்சு எழுத்தில் நெருக்கி அடித்த பத்திகள், குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு, கேட்டது விற்றுப்போயிருந்தால் அனுப்ப மாற்று இதழ்களையும் எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு. பலவற்றில் தேதியே இருக்காது. நான் செய்வது இதுதான்: ஓடிக்கொண்டிருந்த தொடரின் கடைசி எண்ணைப் பார்ப்பேன். ஸ்பைடர்-மேன் 100உடன் பட்டியல் நின்றால், அந்த இதழ் 1971 செப்டம்பர் என்பதால், கேட்டலாக்கும் அதையொட்டி வந்திருக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று வருடத்துப் பட்டியல்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரே இதழின் விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு மறந்துபோகும். எந்த ஸ்லாப்பும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

விலையும் கையைக் கடிக்காது. பழைய ரசிகர் இதழ்களோடு கட்டாக வரும், தனியாக வந்தாலும் பெரும்பாலும் சில பத்து டாலர்தான். ஆனால் விற்கப்போனால் ஆள் கிடைப்பது கஷ்டம், இதை ஒளிக்க வேண்டியதில்லை. எத்தனை கேட்டலாக் வந்தன, எது அரிது என்று பார்த்துச் சொல்ல ஓவர்ஸ்ட்ரீட் மாதிரிக் கையேடும் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, பணம் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவருக்குத் தெரியும்.

மறுபதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மார்வெலும் டி.சி.யும் விளம்பரம் உட்பட அப்படியே அச்சடிக்கும் ஃபேக்ஸிமிலி பதிப்புகள் படிக்க அருமை, கதைக்காக வாங்குகிறவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1974இல் டி.சி. ஆக்‌ஷன் 1ஐப் பெரிய அளவில் மறுபதிப்புப் போட்டது. அதன் வெளி அட்டையைக் கழற்றிவிட்டு அசல் என்று தலையில் கட்டும் ஆட்கள் உண்டு, அளவைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். நம் ஊரிலும் இந்தச் சண்டை பழசுதான்: 1972இல் முத்து காமிக்ஸாக வந்த இரும்புக்கை மாயாவியின் முதல் பதிப்பா, மறுபதிப்பே போதுமா என்று பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

எனக்கு எது என்று கேட்டால், சாதாரணப் பிரதி கொஞ்சம், கேட்டலாக் நிறைய. காரணம் ஒரு பென்சில். காமிக்ஸில் முன்னாள் சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தால் மதிப்பெண் குறையும், ஸ்லாப்பில் அதுவே குற்றப்பத்திரிகை. கேட்டலாக்கில் அதே கிறுக்கலுக்காகவே நான் கூடுதலாகக் கொடுப்பேன். என்னிடம் ஒன்று இருக்கிறது, டேர்டெவில் வரிசையில் ஒன்பது இதழுக்கு டிக் போட்டு, ஓரத்தில் கூட்டி, தொகையைப் பார்த்துப் பயந்தோ என்னவோ நான்கை அடித்துவிட்டு மறுபடி கூட்டியிருக்கிறார்கள். பின்னால் ஆர்டர் படிவம் வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது.