'அடல்ட் நேர்சிங் டிப்ளோமா' என்று காசு கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஏமாந்த கதையை நாலு பேருக்குச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் போன ஞாயிறு கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளை, பக்கத்தில் நின்றவரிடம், "நான் ஒன்லைனிலை நேர்சிங் சேர்ந்திட்டன் அக்கா, ஒண்டரை வருசம்தான், வேலையையும் விடத் தேவையில்லை" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைத் தேடிப் பிடித்துக் கதைக்கலாம் என்று திரும்பினால் ஆளைக் காணவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நான் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட். ஆறு வருடமாகிறது. அதற்கு முதல் கெயார் ஹோமில் நின்றேன். குளிக்க வார்ப்பது, பிரஷர் பார்ப்பது, தீத்துவது, படுக்கை மாற்றுவது எல்லாம் நாங்கள்தான். நேர்ஸ் ஆக வேண்டும் என்பது என் பழைய ஆசை. இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, மனுசனுக்கு நிரந்தரமில்லாத வேலை. மூன்று வருடம் முழுநேரமாகப் படிக்கிறேன் என்று சம்பளத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. பகுதி நேரமாகப் படிக்க வழி இருந்தால் மட்டும்தான் எனக்குச் சரிவரும். எங்கள் வோர்டிலேயே என்னைப் போல நாலைந்து பேர் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தை நம்பித்தான் அந்த 'டிப்ளோமா' வியாபாரம் நடக்கிறது.

தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிவிட்டுக் காசு கொடுக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் கட்டு. 'பகுதி நேரமாகப் படித்து அடல்ட் நேர்சிங் டிப்ளோமா பெறுங்கள். வேலையை விடத் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்டது.' தமிழில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல், வெள்ளை உடுப்புப் போட்ட பெண்ணின் படத்தோடு. அன்றிரவே போன் எடுத்தேன்.

எடுத்தவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். ஊர் எது என்று கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், தன் மனைவியும் இப்படித்தான் கஷ்டப்பட்டுப் படித்தவர் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி பிளேஸ்மென்ட் பற்றித்தான். நேர்சிங் மாணவர்கள் எங்கள் வோர்டுக்கு மாதக்கணக்கில் வந்து நின்று வேலை பழகுவதைப் பார்க்கிறவள் நான், அதுகூடத் தெரியாதா. அதற்கு அவர், "தங்கச்சி, நீங்கள்தான் ஏற்கெனவே ஆஸ்பத்திரியிலை நிக்கிறீங்களே. அந்த மணித்தியாலத்தையே நாங்கள் கணக்கிலை எடுப்பம். வெளியாலை இருந்து வாறவைக்குத்தான் பிளேஸ்மென்ட்" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் அனுப்பினார். "இது முடிச்சால் நீங்கள் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்தான், யோசிக்காதேங்கோ." அந்த ஒரு பதிவை நான் அழிக்காமல் விட்டதுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரேயொரு புத்தியான காரியம்.

'டிப்ளோமா' என்ற சொல்லும் என்னை ஏமாற்றியது. எங்கள் சொந்தத்தில் ஒரு மாமி இங்கே டிப்ளோமா படித்துத்தான் நேர்ஸ் ஆனவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதெல்லாம் அந்தக் காலம். 2013இலிருந்து இங்கிலாந்தில் புதிதாக நேர்ஸ் ஆவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். இதை மாமியே எனக்குப் பிறகுதான் சொன்னார். முதலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் சேர்ந்த விசயத்தை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று ஒளித்து வைத்திருந்தேன்.

முற்பணம் 300 பவுண், பிறகு மாதம் 100 பவுணாகப் பதினாறு மாதம். மொத்தம் 1,900. கையில் காசு இல்லாததால் அந்த 300ஐ மட்டும் கிரெடிட் கார்டில் கட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படிப்பு என்று வந்தது என்ன? ஒரு பாஸ்வேர்ட், பன்னிரண்டு பி.டி.எஃப், ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துக் கேள்வி. பிழையாக அமத்தினால் திரும்ப அமத்தலாம், சரி வரும்வரைக்கும் அமத்தலாம். நைட் ஷிப்டில் மூன்று மணி பிரேக்கில் ஸ்டாப் ரூமில் இருந்து போனில் செய்வேன். ஒருநாள் வந்த கேள்வி இது: நோயாளி மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நான் தினமும் செய்கிறதை அமத்தினேன், நிமிர்த்தி இருத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுவேன் என்று. பிழையாம். மற்றது, மற்றது என்று அமத்திக்கொண்டு போனால் கடைசியில் பச்சையாக வந்த சரியான விடை, 'மனேஜருக்கு எழுத்து மூலம் அறிவிப்பேன்.' மனுசன் அங்கே திணறுகிறான், நான் பேனை தேடுகிறேன். மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து நோயாளிக்குக் கடுமையாகிறதா என்று அறிய வோர்டில் நாங்கள் ஒவ்வொரு நாளும் போடும் நியூஸ் ஸ்கோரைப் பற்றி அந்தப் பன்னிரண்டு பி.டி.எஃபிலும் ஒரு வரி இல்லை. அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதுதான், ஆனால் காசு கட்டிவிட்டோம் என்று மனம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஒன்பதாம் மாதம் எங்கள் வோர்ட் சிஸ்டரிடம் சொன்னேன். கேரளத்துக்காரர், கண்டிப்பானவர், என்னோடு மலையாளமும் தமிழும் கலந்துதான் கதைப்பார். மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "மோளே, பின் கிட்டுமோ?" மகளே, பின் கிடைக்குமா என்று.

பின் என்றால் இங்கே நேர்ஸ் ஒவ்வொருவருக்கும் என்.எம்.சி, அதாவது நேர்சிங் அன்ட் மிட்வைஃபரி கவுன்சில், கொடுக்கும் பதிவு இலக்கம். அது இல்லாமல் சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டினாலும் நீங்கள் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ் இல்லை. நான் முழிக்க, அவர் கம்ப்யூட்டரில் என்.எம்.சியின் தளத்தைத் திறந்தார். அவர்கள் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அங்கே யாரும் பார்க்கக்கூடிய மாதிரி இருக்கிறது. நான் படிக்கும் இடத்தின் பெயரை அடித்தார். ஒன்றுமில்லை. எழுத்தை மாற்றி இன்னொரு தடவை அடித்தார், என் முகத்துக்காகத்தான் அடித்திருப்பார். ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் 1,200 பவுண் கட்டியிருந்தேன்.

சிஸ்டர் சொல்லித்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே நேர்சிங் நாலு பிரிவு: பெரியவர்கள், சிறுவர்கள், மனநலம், கற்றல் குறைபாடு. எந்தப் பிரிவானாலும் மொத்தம் 4,600 மணித்தியாலம், அதில் பாதி, 2,300, வோர்டிலோ சமூகத்திலோ நேரடியாகப் பழகுவது. ஒரு பங்கைப் பொம்மையை வைத்துச் செய்யும் பயிற்சியாகச் செய்யலாம், ஆனால் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு முடிக்க ஏலாது. தொலைக்கல்விக்குப் பெயர்போன ஓப்பன் யூனிவர்சிட்டியில் நேர்சிங் பட்டம் படிக்கிறவர்கள்கூட பிளேஸ்மென்டுக்குப் போயே ஆகவேண்டும். அந்த நேரத்தில் மாணவராக, வோர்டின் ஆள் கணக்கில் சேராமல் நிற்க வேண்டும், உங்களைப் பார்த்துக் கையெழுத்து வைக்க ஒருவர் இருக்க வேண்டும். முன்பு படித்ததையும் செய்ததையும் கணக்கில் எடுக்கும் முறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அதை அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டும். என் வேலை நேர அட்டவணையை எடுத்து அப்படியே பிளேஸ்மென்ட் என்று மாற்றி எழுத அந்த அண்ணைக்கு எந்த அதிகாரமும் இல்லை.

4,600ஐ ஒன்றரை வருடத்தால் பிரித்துப் பாருங்கள். ஒருநாளும் லீவு எடுக்காவிட்டால்கூடக் கிழமைக்கு ஐம்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. அதை 'பகுதி நேரம்' என்று விற்றிருக்கிறான், நான் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த நாள் போன் எடுத்தேன். ஒன்பது மாதம் 'தங்கச்சி' என்று கதைத்தவர் அன்றைக்கு 'மேடம்' என்றார். "மேடம், நாங்கள் டிப்ளோமா எண்டுதான் போட்டிருக்கிறம், ரெஜிஸ்ட்ரேசன் எண்டு எங்கேயும் எழுதேல்லை." நோட்டீஸைப் பார்த்தேன், உண்மைதான், எழுதவில்லை. 'அங்கீகரிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறதே என்றேன். அது சி.பி.டி அங்கீகாரமாம். வேலையில் இருக்கிறவர்கள் அறிவை வளர்க்கச் செய்யும் சின்னப் பயிற்சிகளுக்குக் கொடுக்கிற முத்திரை, பதிவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 'ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்' என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பதிவில்லாமல் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். 'நேர்சிங்' என்ற சொல்லை ஒரு கோர்ஸின் தலையில் ஒட்டுவதற்கு அப்படித் தடை இல்லை. இந்த ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

காசு விசயம். ஒன்லைனிலோ போனிலோ சேர்ந்தால் பொதுவாகப் பதினாலு நாளுக்குள் விலகலாம், ஆனால் ஒன்பதாம் மாதத்தில் அதைத் தெரிந்து என்ன செய்ய. டைரக்ட் டெபிட்டை நிறுத்தினேன். உடனே கடன் வசூலிக்க ஆள் அனுப்புவோம் என்று கடிதம் வந்தது, பயந்து இரண்டு இரவு நித்திரை இல்லை. பிறகு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் கதைத்தேன், முறைப்பாட்டை வியாபார மோசடிகளை விசாரிக்கும் ட்ரேடிங் ஸ்டான்டர்ட்ஸுக்கு அனுப்பினார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸில்தான் கேட்டார்கள், ஏதாவது ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டினீர்களா என்று. 1974ஆம் ஆண்டு கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரைக்கும் விலையுள்ள ஒன்றுக்கு முற்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், விற்றவன் பொய் சொல்லி விற்றிருந்தால் கார்ட் கொம்பனியிடமும் முழுக் காசையும் கேட்கலாம். காசில்லாத தரித்திரத்தில் தேய்த்த கார்ட் இப்படி உதவும் என்று நான் நினைக்கவேயில்லை.

கார்ட்காரர் முதலில் மறுத்துவிட்டார்கள், கோர்ஸ் தரப்பட்டதுதானே என்று. அந்தக் குரல் பதிவைப் பற்றி எழுதினேன். தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் தாருங்கள் என்றார்கள். என் பெரிய மகளுக்குப் பதினைந்து வயது, அவள்தான் இருந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். 'யோசிக்காதேங்கோ' என்பதற்கு என்ன போடுவது என்று என்னிடம் கேட்டாள். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அதையும் அனுப்பி முறையாக முறைப்பாடு செய்தேன். எட்டுக் கிழமைக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும், திரும்பவும் இல்லை என்றே சொன்னார்கள். இப்போது வங்கி, கார்ட் கொம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபினான்சியல் ஒம்புட்ஸ்மனிடம் கிடக்கிறது. அவர்களிடம் போக ஒரு பென்ஸ் செலவில்லை, கடைசி மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும்.

சரி, பகுதி நேரமாக நேர்ஸ் ஆகவே முடியாதா என்று கேட்டால், முடியும். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான்தான் கடையில் தேடினேன். எங்களைப் போல ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு நேர்ஸ் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. பெரும்பாலும் நாலு வருடம், சம்பளத்தோடு படிக்கலாம், படிப்புச் செலவை நீங்கள் கட்டவேண்டியதில்லை. இல்லையென்றால் நேர்சிங் அசோசியேட், எங்களுக்கும் நேர்ஸுக்கும் இடைப்பட்ட வேலை, இரண்டு வருடம். அதற்கும் என்.எம்.சியில் பதிவு உண்டு, ஆனால் அது நேர்ஸ் பதிவு இல்லை, அதிலிருந்து மேலும் படித்து நேர்ஸ் ஆகலாம். இரண்டுக்கும் உங்கள் வேலைத்தலம் சம்மதித்து அனுப்பவேண்டும், அதுதான் சிக்கல். இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம், ஒவ்வொரு வருடமும் திறப்பார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. காசு கட்டினால் அன்றைக்கே இடம் தருகிற கடை இனிக்கிறதற்கு இதுதான் காரணம். ஆஸ்பத்திரியில் பிராக்டிஸ் எடியூகேசன் என்று ஒரு குழு இருக்கும், போய்க் கதவைத் தட்டுங்கள். நான் ஆறு வருடமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் கன்டீனுக்குப் போய்வந்திருக்கிறேன்.

அங்கே என்னிடம் முதலில் கேட்டது கணக்கும் ஆங்கிலமும் லெவல் 2, அதாவது ஜி.சி.எஸ்.இ சித்தி அளவு. ஊர் ஓ.எல் சான்றிதழ் இருக்கிறதுதான், அதை இங்கத்தைய படிப்போடு ஒப்பிட்டு எடுக்கும் வேலை வேறு. அதைவிட ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற கணக்கு, ஆங்கிலப் பரீட்சையை எழுதுங்கள் என்றார்கள், இங்கே ஜி.சி.எஸ்.இ இல்லாத பெரியவர்களுக்குக் கொலிஜில் அது இலவசம். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் போகிறேன். ஆங்கிலம் முடிந்தது, கணக்கு இன்னும் இருக்கிறது, பின்னத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன்.

ஊரில் நேர்ஸாக இருந்துவிட்டு வந்தவர்களுக்குப் பாதை வேறு, ஆங்கிலப் பரீட்சை, பிறகு சி.பி.டி, ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. அந்த சி.பி.டி (CBT) கம்ப்யூட்டர் பரீட்சை, நான் மேலே சொன்ன முத்திரை (CPD) இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாக இருப்பதை வைத்தும் ஆட்களைக் குழப்புகிறார்கள், கவனம்.

முந்தநாள் அதே கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே நோட்டீஸ், இப்போது நீல நிறத்தில், '20 சதவீதக் கழிவு' என்று மேலே அடித்திருக்கிறார்கள். கடைக்கார அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆரோ கொண்டுவந்து வைச்சவங்கள் தங்கச்சி, எனக்கென்ன தெரியும். நீர் வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போம்" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன், ஒரு நூறு இருக்கும். பின்பக்கம் வெள்ளைதான். மகள் கணக்குச் செய்து பார்க்க எனக்கு ஒரு கட்டாகத் தைத்துத் தந்திருக்கிறாள்.