இலைப் புரதமா, விதைப் புரதமா, டி.என்.ஏ.வா?

ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள். பூவும் காயும் அச்சு அசல். இலையில் மட்டும் சிறு வேறுபாடு. இரண்டு சிற்றினங்களா, ஒன்றின் இரண்டு தோற்றங்களா? கண் கைவிட்டபின் ஆய்வகம்தான் கதி. அங்கே எதைச் சோதிப்பது என்பதில்தான் வழக்கு.

இலையை அரைத்து, சாற்றை எஸ்.டி.எஸ். ஜெல்லில் (மின்புலத்தால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்படலம்) ஓட்டிப் புரதப் பட்டைகளை ஒப்பிடுவது மலிவான வழி. ஆனால் இலையே அதற்கு எதிரி. கரையும் புரதத்தில் பாதி வரைகூட ரூபிஸ்கோ என்ற ஒற்றை நொதியாக இருக்கலாம். 55, 15 கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே அதன் இரு கூறுகளும் தடித்த பட்டைகளாக விழுந்து அக்கம்பக்கத்தை மறைத்துவிடும். துளிரும் முற்றிய இலையும் ஒரே செடியிலேயே வெவ்வேறு பட்டைகளைக் காட்டும். வறட்சியும் நோயும் தம் பங்குக்குக் குழப்பும். ஒரே உயரத்தில் நிற்கும் இரு பட்டைகள் ஒரே புரதம்தான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பட்டை உண்டு, இல்லை என்று எண்ணி வரையும் உறவு மரங்களை நான் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்க்கிறேன்.

விதையின் சேமிப்புப் புரதம் நிதானமானது. கோதுமை ரகங்களைப் பிரித்தறிய அதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும்; தவிர, விதை அடுத்த தலைமுறை. மகரந்தம் தந்த செடியின் பங்கும் அதில் கலந்திருக்கும்.

இலையிலிருந்து உருப்படியான விடை வேண்டுமானால் ஐசோசைம்களிடம், அதாவது ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்களிடம், போக வேண்டும். மொத்தப் புரதத்துக்கும் சாயம் ஏற்றாமல், ஒரு குறிப்பிட்ட நொதி வேலை செய்யும் இடத்தை மட்டும் நிறமாக்கிப் பார்க்கும் முறை இது. தாய், தந்தை இருவரின் வடிவங்களும் கலப்பினத்தில் தெரியும். நொதி இரு அலகுகளால் ஆனதென்றால் நடுவில் மூன்றாவது பட்டையும் தோன்றும். டிராகோபோகன் என்ற பூச்செடிப் பேரினத்தில் 1950இல் தாவரவியலாளர் ஓன்பி விவரித்த இரண்டு புதிய சிற்றினங்கள் கலப்பில் பிறந்த பன்மடியங்கள் (இரண்டுக்கு மேற்பட்ட குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை). 1976இல் ரூஸ், காட்லீப் என்ற ஆய்வாளர்கள் நொதிப் பட்டைகளைப் பார்த்தபோது, பெற்றோர் இருவரின் வடிவங்களும் அவற்றில் சேர்ந்தே இருந்தன.

ஜெல்லில் தொல்லை தந்த ரூபிஸ்கோவும் வேறு கையில் சாட்சியாகும். அதன் பெரிய கூறு பசுங்கணிக மரபணுவால் உருவாவது. புகையிலைப் பேரினத்தில் அது தாய்வழியே வரும். சிறிய கூறோ உட்கருவின் வழியே இருவரிடமிருந்தும் வரும். மின்னூட்ட வேறுபாட்டால் இவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, கலப்பில் பிறந்த புகையிலையின் பெரிய கூறு அதே பேரினத்தின் நிகோட்டியானா சில்வெஸ்ட்ரிஸுடன் பொருந்தியது. சிறிய கூறுகளில் நிகோட்டியானா டொமென்டோசிஃபார்மிஸின் சாயலும் இருந்தது. தாய் யார், தந்தை யார் என்று ஒரே நொதி சொல்லிவிட்டது!

டி.என்.ஏ. பட்டைக்குறி, அதாவது குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் படித்துச் சிற்றினத்தை அடையாளம் காணும் முறை? 2009இல் தாவரங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு மரபணுக்களில் ஒன்று, வேடிக்கையாக, அதே ரூபிஸ்கோவின் பெரிய கூறுக்கானது. புரதத்தில் வெளிப்படாத மாற்றங்களையும் அது படிக்கும். காய்ந்த மாதிரியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அந்த ஆய்விலேயே இரண்டும் சேர்ந்து சுமார் 72 விழுக்காடு சிற்றினங்களைத்தான் பிரித்தன. இரண்டும் பசுங்கணிக மரபணுக்கள் என்பதால் கலப்பினத்தில் ஒரு பெற்றோர் பெரும்பாலும் கண்ணுக்கே படமாட்டார். உட்கரு டி.என்.ஏ.வையும் படிக்க வசதி இருந்தால் நான் வேறு எதையும் தொடமாட்டேன். அது இல்லாமல், கலப்பினமா என்ற கேள்வியும் கையில் பச்சை இலையும் மட்டும் இருந்தால், ஐசோசைம்தான். அழுத்திக் காயவைத்த இலையில் நொதி செத்துப்போயிருக்கும். அதைப் பட்டைக்குறிக்கு அனுப்பிவிடலாம்.