ஜிம்மி நொண்டியது எந்தக் கால்?

இந்தத் தடவை 18 நாள் லீவில் பாளையங்கோட்டை போனேன். பேங்க் வேலையும் ஆதார் முகவரி மாற்றமும் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. மீதி நாளெல்லாம் நாய்க்குத்தான்.

ஜிம்மி எட்டு வயது லேப்ரடார். பொங்கலில் இருந்தே முன்னங்கால் நொண்டுது என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். "வலது கால ஊனும்போதெல்லாம் தல கீழ போவுதுடே, அந்தக் காலுதான்." பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அதை அப்படியே நம்பி, நாயை நாலு எட்டு நடக்கவிட்டுக்கூடப் பார்க்காமல், வலது முழங்கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "ஒண்ணுமில்ல, வயசாகுது" என்று கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் குடித்தது. நொண்டல் அப்படியே இருந்தது.

சரி என்று ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினோம். 2012இல் தொடங்கியது, நான் ஊரைவிட்டுப் போன பிறகு வந்தது என்பதால் எனக்கு வழியே தெரியாது. முதல் இரண்டு ஆட்டோ ஜிம்மியைப் பார்த்ததுமே நிற்காமல் போய்விட்டன. சீட்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் கொடுத்ததைவிட ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

ஆடு, கன்றுக்குட்டி, கன்னி ரக வேட்டை நாய் ஒன்று எல்லாம் தாண்டி எங்கள் முறை வந்தது. மெல்போர்னில் நண்பனின் நாயை ஒரு பாய் மேல் நடத்தி, எந்தக் கால் எவ்வளவு எடை தாங்குகிறது என்று கம்ப்யூட்டரில் காட்டினார்கள். நானும் அந்த நினைப்பில், அது இங்கே இருக்கிறதா என்று கொஞ்சம் மிதப்பாகவே கேட்டேன். அந்தப் பெண் டாக்டர் கண்டுகொள்ளவில்லை. "உங்க போன்ல ஸ்லோ மோஷன் இருக்குல்ல, எடுங்க" என்று சிமெண்டுப் பாதைக்கு எங்களைக் கூட்டிப் போனார். அப்பா சங்கிலியை இழுத்துப் பிடித்து நாயின் கழுத்தை நிமிர்த்தியே நடத்தினார். "லூசா விடுங்கய்யா, தலை தானா ஆடணும்." மெதுவாக நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடையும் இல்லாத ஓட்டமும் இல்லாத ஒரு வேகத்தில் விட்டதும் தலை ஆடியது பாருங்கள், அதுவரை இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று இருந்தது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். இடது கால் தரையில் படும் நொடியில் தலை மேலே போகிறது, வலது ஊன்றும்போது இறங்குகிறது. வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்கத்தான் நாய் தலையைத் தூக்குமாம், நல்ல கால் மேல் இறக்குமாம். அப்பா பார்த்ததெல்லாம் சரி, கால்தான் மாறிப்போச்சு! இடது முழங்கையை மடக்கிப் பார்த்தால் வலதுபோல மடங்கவில்லை, ஜிம்மி உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்ததில் இடது மூட்டின் ஓரத்தில் எலும்பு புதிதாக வளர்ந்திருந்தது. மூட்டுத் தேய்மானம்.

இது முழுசாகக் குணமாகாது, வலியைக் குறைத்து நடமாட வைக்கலாம் என்று நேராகவே சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது. எடை பார்த்தால் 41 கிலோ. நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான் விழுகிறது, அதனால் மருந்தைவிட முதலில் 33க்குக் கொண்டு வாருங்கள் என்றார். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கணக்காக, சாப்பாட்டோடு. வழுக்குகிற டைல்ஸ் தரையில் கயிற்றுப் பாய். ஒரேயடியாக நடத்தாமல் சின்னச் சின்ன நடை. அப்போதுதான் அப்பா மெதுவாக, "எம் மூட்டுவலி மாத்திரைல பாதி கொடுத்தேன்" என்றார். டைக்ளோஃபெனாக்! டாக்டருக்கு முகமே மாறிவிட்டது. நாய்க்கு வயிற்றில் புண் வரும், கிட்னி போகும், இனி தொடவே கூடாது என்று சொல்லி, மெலாக்சிகாமையும் உடனே ஆரம்பிக்காமல், ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் கொடுக்கச் சொன்னார். அதிர்ஷ்டம், எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் தார்சாவுக்கு, அதாவது வராந்தாவுக்கு முன்னால் சங்கிலியை லூசாக விட்டு அப்பா வீடியோ அனுப்புகிறார். போன வாரம் பார்த்தேன், தலை ஆட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஓரத்தில் அம்மா கையில் ஒரு இட்லி தெரிந்தது.