பல்கலைக்கழகமா, பிரிட்டோரியாவா, பிரவுன்ஷ்வைக்கா: நுண்ணளவியலில் ஆய்வு வாழ்க்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயந்திரப் பொறியியல் முதுநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் என் அக்கா மகள், "மாமா, அளவியலில்தான் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன், எங்கே செய்வது என்றுதான் விளங்கவில்லை" என்று கேட்டாள். துல்லியமாக அளப்பது எப்படி என்பதை ஆராயும் துறையே அளவியல். எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பட்டறைகளில் மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவுக் கருவியைப் பிடித்து வாழ்ந்த ஒரு தலைமுறை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் உண்டு. என் தந்தையும் அவர்களில் ஒருவர். அளப்பதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ள அவருடைய பேத்தி முன்வந்திருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி என்பதால், பல ஆண்டுகள் ஓர் அளவியல் ஆய்வகத்தில் கற்பித்தவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எந்த இடத்தையும் எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் அளவீட்டு அறையைத்தான். நீள அளவீட்டுக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீள்கிறது. ஆகவே கோடைக்காலமான பிப்ரவரி மாதத்து டர்பனில் 28 பாகையில் கிடக்கும் ஒரு மீட்டர் எஃகுச் சட்டம் தன் உண்மையான நீளத்தைவிட 90 மைக்ரோமீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமனளவு, கூடுதலாக இருக்கும். காற்றும் சும்மா இருப்பதில்லை. கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு அமைத்த லேசர் இன்டர்ஃபெரோமீட்டரை (ஒளி அலைகளைக் கொண்டு நீளத்தை அளக்கும் கருவியை), சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள பிரிட்டோரியாவில் திருத்தமின்றி இயக்கினால், காற்றின் ஒளிவிலகல் எண் மாறுவதாலேயே மீட்டருக்கு 35 மைக்ரோமீட்டருக்கும் அதிகமான பிழை புகுந்துவிடும். சில மைக்ரோமீட்டருக்குள் நிற்க வேண்டிய உதிரிபாகங்களைப் பற்றி ஆராய்கிறவருக்கு, பதவியின் பெயரைவிட அந்த அறையின் வெப்பநிலைப் பதிவேடுதான் முக்கியம்.

பிரிட்டோரியாவிலுள்ள தேசிய அளவியல் நிறுவனம், 2006ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் நாட்டின் அளவுத்தரங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அங்கே சேர்கிறவர் ஒரே கேஜ் பிளாக்கை (நீளத்துக்குத் தரமாக வைக்கப்படும் துல்லியக் கட்டியை) மீண்டும் மீண்டும் அளந்து, ஒவ்வொரு பிழைமூலத்தையும் தனித்தனியே மதிப்பிட்டு, அளவீட்டு நிச்சயமின்மையை, அதாவது அளந்த மதிப்பு எவ்வளவு முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதை, எண்ணாக எழுதிக் கையெழுத்திடக் கற்றுக்கொள்கிறார். 1999இல் கையெழுத்தான பன்னாட்டு ஏற்பு உடன்பாட்டின்படி, ஒரே பொருள் நாடு நாடாகப் பயணம் செய்ய, ஒவ்வொரு நாட்டு ஆய்வகமும் அதை அளந்து தன் முடிவைப் பிறர் முடிவுகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இதைவிடக் கடுமையான தேர்வை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்துவதில்லை. ஆனால் தொழிற்சாலைகளுக்கும் பிற ஆய்வகங்களுக்கும் செய்ய வேண்டிய அளவுத்திருத்தப் பணி (அவர்களின் கருவிகளைத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், சொந்தக் கேள்வியைத் துரத்த நேரம் குறைவு. மாணவர்களும் மிகச் சிலரே.

கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தில் பல்கலைக்கழகம் முந்துகிறது. புளூம்ஃபொன்டெய்னிலுள்ள மத்தியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய மையத்தில், நோயாளியின் எலும்புக்கு ஏற்ப டைட்டானியம் உட்பொருத்துகளை முப்பரிமாண அச்சில் செய்கிறார்கள். அத்தகைய பொருளின் உள்ளே பின்னல்போல் அமையும் வெற்றிடங்களை பொருளைத் தொட்டு அளக்கும் கருவிகளின் எந்தத் தொடுமுனையும் எட்டாது. எக்ஸ்-கதிர் சிடி கருவியால்தான் பார்க்க முடியும். அந்தப் படத்தில் உலோகம் எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்ற எல்லையைக் கணினி நிரல் ஒரு சாம்பல் நிற மதிப்பைக் கொண்டு தீர்மானிக்கிறது; அந்த மதிப்பு சற்று நகர்ந்தால் சுவரின் தடிமனும் மாறிவிடுகிறது. இப்படிப் பெறும் எண்ணுக்கு எவ்வளவு நிச்சயமின்மை எழுதுவது என்பது இன்றைக்கும் உழைப்புக்கு இடம் தரும் வளமான கேள்வி; ஒரு முனைவர் பட்டத்துக்கு மட்டுமல்ல, ஓர் ஆயுட்காலத்துக்கே அது போதும்.

எனினும் பல்கலைக்கழகத்தின் குறை சிறியதன்று. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து அரசு மானியம் வருகிறது. மூன்றாண்டுகள் பொறுமையாக ஒரு கருவியின் பிழைகளைக் கண்டறிந்தவருக்கு ஒரே கட்டுரைதான் மிஞ்சும். மின்வெட்டு அதைவிட மோசம். நான் பணியாற்றிய ஓர் இடத்தில், மின்வெட்டால் குளிரூட்டி நின்று, ஆய அளவீட்டு இயந்திரத்தின் (பொருளின் பல புள்ளிகளைத் தொட்டு முப்பரிமாணத்தில் அளக்கும் கருவியின்) கிரானைட் மேசை மெல்லச் சூடேறியதால், என் மாணவர் இரண்டு வாரம் சேர்த்த அளவுகள் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. மின்சாரம் வந்த மறுமணியிலேயே அறை குளிர்ந்துவிட்டாலும், கிரானைட் பழைய நிலைக்குத் திரும்ப வெகுநேரம் பிடிக்கும். அந்த மாணவரின் முகம் இன்னும் என் நினைவில் நிற்கிறது.

வெளிநாட்டு வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில், 1887இல் பெர்லினில் தோன்றிய நிறுவனத்தின் வழிவந்த தேசிய அளவியல் நிறுவனமும் அவ்வூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கின்றன. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் மேற்பரப்பு அளவியல் வலுவாக வேரூன்றியிருக்கிறது. கருவிகளில் குறையே இராது. ஆனால் போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், அது நம் நாட்டுக்கு உண்மையான இழப்பு.

ஆகவே அவளுக்கு நான் பரிந்துரைத்தது, பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துகொண்டு அளவீடுகளைப் பிரிட்டோரியாவில் எடுக்கும் கூட்டு நெறியாள்கை, அதாவது இரண்டு இடங்களிலும் வழிகாட்டிகளைக் கொள்வது. பிரவுன்ஷ்வைக்கின் முறையும் ஏறக்குறைய இதுவே. பேராசிரியர் ஆகும் வழி அவளுக்கு அடைபடாது, பிழைமூலங்களை எண்ணிக் கையெழுத்திடும் ஒழுக்கமும் இளமையிலேயே படிந்துவிடும். அடுத்த மாதம் இரண்டு ஆய்வகங்களைப் பார்க்கப் போகிறாள். கருவியின் விலையையோ வயதையோ கேட்க வேண்டாம், சென்ற கோடையின் வெப்பநிலைப் பதிவை மட்டும் காட்டச் சொல், வெளியிலிருந்து கொண்டுவந்த உதிரிபாகத்தை எத்தனை மணி நேரம் அறைக்குள் கிடத்திய பின் அளக்கிறார்கள் என்று கேள் என்று சொல்லியிருக்கிறேன்.